உப்புத்தண்ணி

"மூக்கு, காது… எங்கேயாவது ரத்தம் வந்துச்சாம்மா?"

டாக்டர் கேட்டதும் அமலோற்பவத்துக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது.

கட்டிலில் அவள் புருஷன் கயித்தான் கிடந்தான். நேற்றுச் சங்கு குளித்துத் தோணியேறியவன், வலது பக்கம் விளங்காமல் அப்படியே சரிந்துவிட்டான். பேச்சு இல்லை. இழுத்துக்கொண்ட வாயோடு, முகம் ஒருக்களித்துத் தலையணையில் புதைந்திருந்தது.

மூளைக்குப் போகிற குழாயை உறைந்த ரத்தம் அடைத்திருக்கிறதாம். உலகச் சண்டை முடிந்தபின் கப்பலில் வந்த புது ஊசி ஒன்று இருக்கிறதாம். அதைப் போடுவதற்கு முன்னால்தான் இந்தக் கேள்வி.

அவளுக்கு இது புதிதா என்ன?

குளிப்புக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம், கால்சட்டை போட்ட அதிகாரி ஒருவர் கடற்கரையில் மேசை போட்டு இதையேதான் கேட்பார். ஆமாம் என்றவனுக்கு அந்த வருஷம் கடல் இல்லை. கடல் இல்லையென்றால் அடுப்பு ஏது? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறவன்கூட, இல்லையென்றுதான் தலையாட்டுவான்.

கயித்தான் மட்டும் தலையாட்ட மாட்டான். ஒரு வார்த்தை சொல்லுவான். வரிசையே குலுங்கும். அதிகாரியும் சிரித்துக்கொண்டே சீட்டைக் கொடுத்துவிடுவார்.

இப்போது அவனுக்கு வாய் இல்லை. இந்த டாக்டரும் கால்சட்டைதான் போட்டிருக்கிறார். இவர் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டால், பிழைத்து எழுந்தாலும் அவனை யார் கடலில் இறங்க விடுவார்கள்?

அவன் சொல்லுகிறதை அவளே சொன்னாள்.

"அவுக உடம்புல ரத்தம் ஏது அய்யா? எல்லாம் உப்புத்தண்ணிதான்."

டாக்டரும் சிரித்துவிட்டார்.

ஊசி நரம்பில் இறங்கியது.

"நல்லதாப் போச்சு. எங்கேயாவது கசிஞ்சுக்கிட்டிருந்தா, இந்த மருந்து அதை நிக்கவே விடாது. ஆளைக் கொன்னுடும்."

குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திவிட்டு, அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அமலோற்பவம் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள்.

இன்று விடிந்ததும் டாக்டர் வருமுன்னே தான் அவசரமாய்ப் புரட்டிப் போட்டிருந்த தலையணைக்கு அடியில் மெல்லக் கையை விட்டாள்.

பிசுபிசுப்பு இன்னும் காயவில்லை.