பதினோரு வளையம்

மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் என்பது தங்கையின் குரல் வந்த தூரத்திலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

அது புதிதல்ல. சின்னவள் கல்யாணமாகிப் போன இந்த ஒரு வருடத்தில், மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாமல் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பாசக்காரப் பையன், ஒரு நிமிடம் விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறான் என்று பெரியவளே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தாள்.

நூலகத்தின் மாடியறையில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டுவது பெரியவளின் வேலை. இரண்டு கையிலும் பசை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுடி" என்றாள்.

"சும்மாதான்க்கா. ஹால் ஜன்னலுக்குப் புது ஸ்கிரீன் போட்டிருக்கோம். நீலக் கலர். ஓரத்துல வெள்ளைக் கரை. கீழ மடிச்சுத் தச்சிருக்கு, வெயில் பட்டா கரை மட்டும் தனியாத் தெரியுது..."

பெரியவளின் கை நின்றது.

மேசையில் முதுகு பிரிந்து கிடந்தது, பேருந்து நடத்துநராக இருந்த ஒரு அம்மாள் எழுதிய வாழ்க்கைக் கதை. சின்னவளின் கல்யாணத்துக்கு முன்பு அக்காவும் தங்கையும் ஒரே கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் போட்டி போட்டுப் படிப்பார்கள். மருத்துவச்சி, நாடக நடிகை, நீதிபதியின் மனைவி, யாராக இருந்தாலும் சரி. ஒருத்தி தன் கதையைத் தானே எழுதியிருக்கிறாள் என்றால் போதும், இருவருக்கும் சோறு தண்ணி வேண்டாம். முதல் சம்பளத்தில் செருப்பு வாங்கியது, மாமியாருக்குத் தெரியாமல் சைக்கிள் பழகியது என்று ஒன்று விடாமல் படிப்பார்கள். முன்பின் தெரியாதவள் வீட்டு அடுப்படியில் கூச்சமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிற சுகம் அது.

அதைவிடப் பெரிய சுகம் ஒன்றும் இருந்தது. எழுதியவள் எங்கே மழுப்புகிறாள் என்று கண்டுபிடிப்பது.

மளமளவென்று சொல்லிக்கொண்டு போகிறவள் திடீரென்று ஜன்னல் திரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள். அடுத்த அத்தியாயத்தில் பெட்டியோடு அம்மா வீட்டு வாசலில் நிற்பாள். நடுவில் நடந்தது புத்தகத்தில் இருக்காது.

"ஸ்கிரீன் வந்தாச்சுக்கா. அடி விழுந்திருக்கு" என்பாள் சின்னவள், பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு.

அதற்கு ஒரு சோதனையும் அவளே வைத்திருந்தாள். வருணனையில் எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழகுக்காகச் சொல்கிறவள் எதையும் எண்ண மாட்டாள். பயந்துபோய் மூலையில் உட்கார்ந்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தவள்தான் எண்ணியிருப்பாள்.

சும்மா திரையாகவும் இருக்கலாம் என்று பெரியவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் என்று இருந்தால் திரை போடத்தான் செய்வார்கள். ஆனாலும் தங்கையின் குரலுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது.

கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத்தான் பயமாக இருந்தது.

"ஸ்கிரீனுக்கு வளையம் எத்தனைடி போட்டிருக்கீங்க?" என்றாள், குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு.



"பதினொண்ணு" என்றாள் சின்னவள். "பதினொண்ணுக்கா. நாலாவது வளையம் மட்டும் கொஞ்சம் கோணல்."



"என்னக்கா, ஸ்கிரீன் கடை வைக்கப் போறீங்களா?" மாப்பிள்ளை சிரித்தான். நல்ல மரியாதையான சிரிப்பு. "எப்ப இந்தப் பக்கம் வர்றீங்க?"

"வேலை தலைக்கு மேல கிடக்கு தம்பி. அடுத்த மாசம் பாக்கலாம்."

போனை வைத்த கையோடு எழுந்தாள். கை கழுவக்கூடத் தோன்றவில்லை. பசை விரலாலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பாதி வேலையில எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றார் அறை வாசலில் எதிர்ப்பட்ட நூலகர்.

"தங்கச்சியக் கூட்டிட்டு வரப் போறேன் சார்."

மாடிப்படியில் விழுந்து வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு படியாக எண்ணி எண்ணி இறங்கினாள். ஏழாவது படியில் நின்றுவிட்டாள்.

போன மாதம் சமையலறை அலமாரியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள் சின்னவள். பதினாலு டப்பா. அதற்கு முன்பு ஒரு தடவை மொட்டைமாடிச் செடிகள். ஒன்பது தொட்டி. குடித்தனத்தை எவ்வளவு நேர்த்தியாக நடத்துகிறாள் என்று பெரியவள் பூரித்துப்போனாள். யார் யாரோ எழுதிய புத்தகங்களில் எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவள்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள்தான் முதல் போன் வந்தது. "வீடு நல்லாருக்குக்கா. மாடிக்கு இருபத்தி ரெண்டு படி."

புதுப்பொண்ணுக்குப் படி எண்ணுறதுதான் வேலையா என்று கேட்டுப் பெரியவள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது.

அது தங்கையின் சிரிப்பு இல்லை.