கொஞ்சம் லேட்டா வருது

"இன்னும் லேட்டாத்தான் வருது பாப்பா. கட்டையை அமுக்கினா, சத்தம் கொஞ்சம் யோசிச்சுட்டு வருது."

வேங்கடாசலம் இப்படிச் சொல்வது பதினோராவது ஞாயிற்றுக்கிழமை. திருப்பதி லேப்டாப் கடையில் வேலை பார்க்கும் சுஷ்மிதா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

மனுஷருக்குச் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. வாரம் ஒருநாள் லீவு. அன்றைக்கு வீட்டில் கிடப்பாரா என்றால், அதுதான் இல்லை. ஒரு சின்னக் கீபோர்டைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறிவிடுவார். இந்தக் கடையில் இருக்கும் நல்ல லேப்டாப்பாகப் பார்த்து அதில் கீபோர்டைச் செருகி, மியூசிக் சாஃப்ட்வேரைத் திறந்து, அரைமணி நேரம் பழைய பாட்டுகளாக வாசிப்பார். அப்புறம் உதட்டைப் பிதுக்குவார். விரல் பட்ட அதே கணத்தில் சத்தம் வர வேண்டுமாம் அவருக்கு.

கடைக்காரர் கோவர்த்தனன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"அவசரப்படாதீங்கண்ணே. லேட்டா வர்ற மெஷினை உங்க தலையில கட்ட மாட்டேன். புது மாடல் வருதாம், அடுத்த வாரம் வந்து பாருங்க."

வேங்கடாசலம் பையைச் சுருட்டிக்கொண்டு போனதும் சுஷ்மிதா வெடித்தாள்.

"இதெல்லாம் வாங்கற மூஞ்சியா சார்? ஓசியில வாசிச்சுக்கினு இருக்காரு. நாமளும் கேட்டுக்கினு நிக்கறோம்!"

"இருக்கட்டும்மா" என்றார் கோவர்த்தனன். இவ்வளவு நேர்மையான முதலாளி நமக்கு வாய்த்தாரே என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

அடுத்த ஞாயிறு, அவள் தினமும் வரும் நாராயணவனத்து பஸ் என்னவோ அதிசயமாகச் சீக்கிரம் வந்துவிட்டது. சுஷ்மிதா கடைக்குள் நுழைந்தபோது கோவர்த்தனன் வேங்கடாசலம் வாசிக்கும் அதே லேப்டாப்பின் முன் குனிந்திருந்தார். திரையில் அந்த சாஃப்ட்வேரின் செட்டிங்ஸ். 64 என்று இருந்த எண்ணை 1024 ஆக மாற்றிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அந்த எண் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்புதான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். சத்தத்தை எவ்வளவு சேர்த்துவைத்து வெளியே விடுவது என்கிற கணக்கு அது. எண் ஏற ஏற, சத்தம் லேட்டாகும்.

"சார்! லேட்டாக்கறதே நீங்கதானா?"

கோவர்த்தனன் கை அப்படியே நின்றது.

"பாவம் சார் அவரு! ஒரு நாள் லீவுல ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல வந்துக்கினு போய்க்கினு இருக்காரு. வாங்க வந்தவரை வாங்கவிடாம அலைய வெக்கிறீங்களே, இது நியாயமா?"

அவர் மாடிப்படியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் படிக்கதவு ஏன் திறந்தே கிடக்கிறது என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

"மேல என் பொண்டாட்டி பத்மாவதி படுத்துக்கினு இருக்கா, தெரியுமில்ல? பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாச்சு. பேச்சே இல்ல. எத்தனை டாக்டர்!" அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு அவரு முதல்முதலா வாசிச்சப்போ நான் மேல சாதம் ஊட்டிக்கினு இருந்தேன். கூடவே பாடினாம்மா. ரெண்டே வரி. அவ குரலுக்கு நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"செல்போன்ல போட்டுக் காட்டலாமே சார்?"

"போட்டேன். அசையவே இல்ல. அவரு வாசிச்சாத்தான் வாயைத் திறக்கறா."

"அப்போ அவரைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா பரிதாபப்பட்டு ரெண்டு வாரம் வருவாரு. அப்புறம்? லேப்டாப் கைக்குப் போயிட்டா அவரு வீட்டுலயே வாசிச்சுக்கினு இருப்பாரு. நான் தப்புதாம்மா பண்றேன். என்னால விட முடியல."

சுஷ்மிதாவுக்கு அவர்மேல் இருந்த கோபம் அடங்கிவிட்டது. ஆனாலும் அந்தத் துணிப்பை மனிதரை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஏமாறுகிறவருக்கு யார் சொல்வது?

பதினோரு மணிக்கு வேங்கடாசலம் வந்தார். வாசித்தார். மாடியிலிருந்து, இத்தனை வாரமும் யாரோ முணுமுணுப்பதாகச் சுஷ்மிதா நினைத்திருந்த பத்மாவதியின் குரல் தட்டுத்தடுமாறிக் கூடவே வந்தது. கோவர்த்தனன் இரண்டு இரண்டு படியாக மேலே ஓடினார்.

இதுதான் சமயம் என்று சுஷ்மிதா வேங்கடாசலம் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா, மெஷின் மேல தப்பில்ல. இந்த நம்பரைக் குறைச்சா உடனே வரும். இன்னிக்கே வாங்கிக்கினு போயிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

வேங்கடாசலம் வாசிப்பை நிறுத்தவில்லை. லேசாகச் சிரித்தார்.

"தெரியும் பாப்பா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சித்தூர்ல வேற கடையில வாங்கிட்டேன். வீட்டுல விரல் பட்டதும் சத்தம் வருது."

சுஷ்மிதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் இங்க... இவ்வளவு லேட்டா வர்ற மெஷின்ல?"

"லேட்டு வாசிக்கிறவனுக்குத்தாம்மா. கேக்கறவங்களுக்குத் தெரியாது. மேல பாடற அந்தம்மாவைப் பத்தி டீக்கடையில விசாரிச்சுட்டேன். முந்தி ரெண்டு வரி பாடுவாங்க. இப்போ பல்லவி முழுசா பாடறாங்க, கேளு."

"சார்கிட்ட சொல்லிடலாமே அண்ணா!"

"சொன்னா அவரு கூச்சத்துல இனிமே வராதீங்கன்னுடுவாரு."

மாடியில் பாட்டு ஓய்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோவர்த்தனன் படியிறங்கி வந்தார்.

வேங்கடாசலம் சட்டென்று உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் லேட்டாத்தான் வருது சார். அடுத்த வாரம் வந்து பாக்கறேன்!"