காளான் தெளியும் நேரம்

“இந்தத் தண்ணி மங்கு என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது வேலாயி! நீயும் வந்து பாரேன்!”

வீரமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காலை ஏழு மணிக்குக் காளான் குழம்பும் சோறும் தின்ற மனுஷன், எட்டு அடிப்பதற்குள் இந்தக் கூத்து! சிரிப்பு அடங்கினால், “ரப்பர் மரமெல்லாம் மூச்சு விடுது, உனக்குக் கேக்கலையா?” என்று காதைத் தீட்டிக்கொண்டான்.

வேலாயிக்கு வெள்ளிக்கிழமை விரதம். குழம்பு வைத்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. ராத்திரி பெய்த மழையில் மரம் சீவ முடியாத நாள் வேறு. வேலைக்குப் போகாத சனமெல்லாம் அவள் வீட்டு வாசலில்தான் நின்றது.

“முனி அடிச்சிருச்சு,” என்றாள் பக்கத்து வீட்டு முனியாயி.

“முனியோ பேயோ, தோட்டத்துத் துரை பன்னண்டரைக்கு லயத்து வீடெல்லாம் பார்க்க வர்றாரு,” என்றார் பெரியதம்பி கங்காணி. “இவன் இப்படியே சிரிச்சுக்கிட்டு நின்னா, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு லாரி ஏத்திடுவாரு. போன வருஷம் ஏத்துன ஆளு இன்னும் திரும்பல, தெரியுமில்ல?”

வேலாயி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தூளியில் கிடந்த குழந்தையை முனியாயியிடம் விட்டுவிட்டு டிரஸ்ஸர் வீட்டுக்கு ஓடினாள்.

டிரஸ்ஸர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவர்தான். நாலு மாதத்துக்கு முன் பிள்ளைப்பேற்றில் பிழைக்க மாட்டாள் என்று எல்லாரும் கைவிட்ட வேலாயியை மீட்டுக் கொடுத்தவர். அன்றிலிருந்து கீரையோ கிழங்கோ, அவள் வீட்டில் எது வந்தாலும் முதல் பங்கு டிரஸ்ஸர் வீட்டுக்குத்தான்.

அவர் படியில் உட்கார்ந்து, வாழை இலையில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

“ஐயா, என் வீட்டுக்காரருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்க! மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் முளைச்ச காளானைத் தின்னாரு, அதுலேருந்து இப்படி...”

“காளானோ?” டிரஸ்ஸர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “முருகா! காளான்தானோ!” என்று ஒரு பெரிய மூச்சு விட்டார். “அழாதை பிள்ளை. வா போவம். கொஞ்சம் மெல்ல நட.”

இந்த நேரத்திலும் எவ்வளவு நிதானம் என்று வேலாயிக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சனத்தை விரட்டினார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கதவைச் சாத்தச் சொன்னார். பாயில் வீரமுத்துவை ஒட்டி உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவேயில்லை.

“இப்ப சிரிக்கிறான். கொஞ்சத்தாலை அழுவான். அழட்டும், தடுக்காதை.”

சொல்லி வைத்தாற்போல் ஒன்பதரைக்கு வீரமுத்து, செத்துப்போன அம்மாவை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதான்.

“இனித் தண்ணி கேப்பான்.”

கேட்டான். வேலாயி மொண்டு கொடுத்தாள். டிரஸ்ஸரும் இரண்டு மங்கு வாங்கிக் குடித்தார். அடடா, புத்தகத்தில் படித்ததை அப்படியே புட்டுப் புட்டு வைக்கிறாரே மனுஷன்!

பத்தரை மணிக்குக் கங்காணி கதவைத் தட்டினார். “எப்பத்தான் தெளியும் ஐயா? துரை வர்ற நேரமாகுதுல்ல?”

டிரஸ்ஸர் முகம் வாடியது. “தெரியாது,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் சொன்னவர் இதற்கு மட்டும் தெரியாது என்கிறாரே! வேலாயி தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். லாரி, பூட்டிய கதவு, கைக்குழந்தையோடு தான் மட்டும் என்று என்னென்னவோ நினைப்பு.

பதினொரு மணி இருக்கும். டிரஸ்ஸர் கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “இன்னும் ஒரு மணித்தியாலம்தான் பிள்ளை! பன்னண்டுக்குத் தெளிஞ்சிடும், பாத்துக்கொள்,” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வீரமுத்து எழுந்து உட்கார்ந்தான். “பசிக்குது. நீ ஏன் புள்ள அழுவுற?”

பன்னிரண்டரைக்கு வந்த துரைக்கு மற்றவர்களோடு நின்று சலாம் வைத்தான். துரை தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வேலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் அவள் ஒரு முட்டைக் கோழியோடு டிரஸ்ஸர் வீட்டு வாசலில் நின்றாள்.

“ரெண்டாம் தரம் எங்க குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கீங்க. அத்தனை நேரம் அவரு கையை விடாம உக்காந்திருந்தீங்களே ஐயா, பெத்தவங்ககூடச் செய்ய மாட்டாங்க. இதை மறுக்காம வாங்கிக்கணும்.”

“கோழியைக் கொண்டு போ பிள்ளை. நான்தான் உனக்கு நன்றி சொல்லவேணும்.” டிரஸ்ஸர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “காலமை உன்ரை புருசன் வாற வழியிலை பாதிக் காளானை இஞ்சை குடுத்திட்டுப் போனவன். நான் ஆறு மணிக்கே, அவனுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே, சாப்பிட்டிட்டன். நீ வந்து காளான் எண்டு சொல்லும்வரைக்கும், எனக்கு மூளை பிசகி விசர் பிடிச்சிட்டுது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். அவன்ரை கையைப் பிடிச்சது அவன் பயப்பிடுவான் எண்டில்லை பிள்ளை... எனக்குத்தான் பயம்!”