மங்காத புள்ளிகள்

“என் பேரை எடுத்துருங்க சார்.”

பேராசிரியர் நிமிரவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். மாலைக்குள் ஆய்விதழுக்குப் போக வேண்டியது.

“எதுலருந்து?”

“உங்க கையில இருக்கிறதுலருந்துதான்.”

அவள் ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே ஹெப்சிபா அக்கா சொல்லியிருந்தாள். அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கியவள். “லீவு கேளு. சண்டை போடு. அழுதுகூடப் பாரு. பேரை எடுக்கச் சொல்லி மட்டும் கேட்டுராத. அவர் மூஞ்சில துப்புற மாதிரி அது. அப்புறம் உனக்குப் பட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

கேட்டாகிவிட்டது.

மேசையில் படம் கிடந்தது. கறுப்புப் பரப்பில் சிவப்புப் புள்ளிகள்.

காசநோய்க்கான சோதனைப் பட்டை. சளியில் கிருமி இருந்தால், கண்ணுக்குத் தெரியாத வைரத்துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் ஒட்டும். பச்சை லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிரும். சாயம்போல வெளுத்துப்போகாது.

ஆனால் காகிதமும் கொஞ்சம் ஒளிரும்.

எது வைரம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பட்டைமேல் நுண்ணலையை, அதாவது மைக்ரோவேவைப் போட்டால் வைரம் மட்டும் லேசாக மங்கும். காகிதம் மங்காது.

படம் வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். “இனிமே நாமெல்லாம் வைர வியாபாரிங்கடா,” என்று ஒருத்தன் கத்தினான். வடை வந்தது.

நுண்ணலையை யாரும் போடவில்லை.

அவள் போட்டாள்.

புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட மங்கவில்லை. வெறும் தண்ணீர் விட்ட பட்டையும் அதே சிவப்பில் இளித்தது.

“மைக்ரோவேவை யாரும்மா உன்னைப் போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான் போட்டேன்.”

“படம் நல்லாத்தான இருக்கு?”

“காகிதம் நல்லா இருக்கு சார். நோய் இல்லாதவனுக்கும் இருக்குன்னு சொல்லும்.”

“சந்தேகம்னா டாக்டருங்க மறுபடி பாத்துக்குவாங்க.”

“மாத்திரையைக் குடுத்துட்டுத்தான் பாப்பாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இளகியது. அவர் கத்தினால்கூட அவள் தாங்கிக்கொள்வாள். இந்தக் குரலைத்தான் தாங்க முடியாது.

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரில பட்டையைக் குடுக்கப் போறோம். இந்த நேரத்துல இதென்ன பிடிவாதம்? உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யார் பேராவது அச்சுல வந்திருக்கா? யோசிச்சுப் பாரு.”

“வந்திருக்கு சார். எங்கப்பா பேரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அப்பா குவாரியில் கல் உடைத்தவர். இருமினார். காசநோய் என்றார்கள். மாத்திரை தந்தார்கள். மூத்திரம் செம்மஞ்சளாகப் போனது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அதை விளிம்பு படாமல் எடுத்துக் கழுவியவள் இவள்தான்.

மாத்திரை முடிந்தது. இருமல் நிற்கவில்லை.

காசநோயே இல்லை, நெஞ்சு முழுக்கக் கல்தூசி என்று கடைசியில் வேறொரு டாக்டர் சொன்னார்.

அதற்குள் அப்பா தனித் தட்டுக்குப் பழகியிருந்தார். மாற்றிக் கொடுத்தால் வாங்க மறுத்தார்.

“முதல்ல பட்டத்தை வாங்கு,” என்றார் பேராசிரியர். “நியாயத்தை அப்புறம் பேசலாம். இந்த லேபை விட்டு வெளிய போனா உன்னை யாருக்குத் தெரியும்?”

அவள் ஆய்வகச் சாவியைப் படத்தின் மேல் வைத்தாள்.

கதவருகே போகும்போது அவருடைய ஃபோன் அடித்தது.

“சொல்லுங்க டாக்டர், திங்கக்கிழமைக்கு எல்லாம் ரெடி,” என்றார் சிரித்துக்கொண்டே.

பிறகு சிரிப்பு இல்லை.

“எந்தப் படம்?”

தண்ணீர்ப் பட்டையின் படம். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் கீழே தன் பேரை முழுசாகப் போட்டிருந்தாள். அப்பா பேரையும் சேர்த்து.

கதவைச் சாத்தாமல் நடந்தாள்.