அரைக் கட்டை

"அஞ்சாவது கம்பி, மூணாவது ஃப்ரெட்."

அவன் விரலை வைத்து மீட்டினான்.

"பி" என்றான்.

அட்டையில் அந்த இடத்துக்கு 'சி' சுரம் என்று இருந்தது.

கேள்வி கேட்டது பேச்சுப் பயிற்சி தரும் ஜெரினா. தாளில் ஒரு சின்னக் கோடு போட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அந்தக் கோட்டையே பார்த்தாள்.

நேற்றுவரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வார்டுக்குள் கிட்டார் கூடாது என்றார்கள். அவளுடைய முன்கைதான் கிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரல் அழுத்தும் ஃப்ரெட்டுகள். அவன் அழுத்துவான், பெயர் சொல்வான். அவள் அட்டையைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

"கைய விடவே மாட்டேங்காவளே ஒங்க வீட்டுக்காரரு" என்று பக்கத்துக் கட்டில் அம்மா கேலி செய்தாள்.

அப்போதெல்லாம் ஒன்றுகூடத் தப்பியதில்லை. இன்றைக்குத்தான் ஜெரினாவின் அறைக்கு அவன் கிட்டாரையே கொண்டுவரச் சொன்னார்கள்.

நாளைக் காலையில் அவன் மண்டையைத் திறப்பார்கள். அவன் விழித்திருப்பான். பேச்சு இருக்கும் இடத்தை ஒட்டிக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அவன் சுரங்களின் பெயரைச் சரியாகச் சொல்லும்வரை கத்தி போகலாம். எங்கே தடுமாறுகிறானோ அங்கே நிற்க வேண்டும்.

அதற்குத்தான் இந்தப் பாடம். எதைக் கேட்டாலும் என்ன சுரம் என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. கம்பியில் எது எங்கே இருக்கிறது என்று மட்டும் இதுவரை பெயர் வைத்துப் பார்த்ததில்லை. விரல் தானாகப் போகும், அவ்வளவுதான்.

இன்றைக்கு நிறையத் தப்பினால் மயக்கம் கொடுத்துத்தான் அறுப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயக்கம் தெளியும்போது எது மிச்சம் இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

"ஆறாவது கம்பி, முதல் ஃப்ரெட்."

"ஈ."

அட்டையில் 'எஃப்'. இன்னொரு கோடு.

"நேத்து வரைக்கும் சரியாச் சொன்னீங்களே சார்?"

"மறந்துட்டும்மா" என்று சிரித்தான்.

அவளை மட்டும் பார்க்கவில்லை. மேடையில் அவள் பாட, அவள் முகத்தைப் பார்த்தே வாசித்துப் பழகியவன்.

அவள் அட்டையை வாங்கினாள். 'சி'க்கு 'பி'. 'எஃப்'புக்கு 'ஈ'. எல்லாம் ஒரு படி கீழே. எப்போதும் ஒரே ஒரு படி.

கட்டி இவ்வளவு ஒழுங்காகவா தின்னும்?

"ஒங்க போன்ல சுருதி பாக்குறது இருக்கா?" என்று ஜெரினாவிடம் கேட்டாள்.

இருந்தது. அவள் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றுவிடாமல் ஆறும் அரைக் கட்டை இறங்கியிருந்தன.

ஊர்க் கோயில் கொடைகளில் அவள் பாடாத மேடை இல்லை. ஒவ்வொரு மேடையிலும் மைக்கில் சொல்வாள். 'ஒரிஜினல் சுருதியிலதான் பாடுவேன். இறக்கிப் பாடுத பழக்கம் நமக்கில்ல.' கைதட்டு பிய்த்துக்கொண்டு போகும். பின்னால் கீபோர்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். அது பணிவு என்று நினைத்திருந்தாள்.

சுருதியை இறக்கி வைப்பது குழு முழுக்கத் தெரிந்திருக்கிறது. அவளைத் தவிர.

அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம். தன் மூளை அழுகிவிட்டது என்று இவர்கள் எழுதிக்கொண்டாலும் பரவாயில்லை, இதைச் சொல்ல மாட்டானாம். கிறுக்கு மனுசன்.

"ஏன் சொல்லல?"

"ஒனக்கு வருத்தமா இருக்கும்லா" என்றான்.

அவள் ஜெரினாவிடம் திரும்பினாள்.

"எனக்கு மேல எட்டாதும்மா. எனக்காகத்தான் கிட்டார இறக்கி வச்சிருக்காவ. அவியளுக்குக் காதுல கேக்கதுதான் வாயில வரும். தப்பு அவிய மேல இல்ல."

சொன்ன பிறகு இலேசாக இருந்தது.

அவளே முறுக்காணிகளைத் திருகினாள். கம்பி கம்பியாக ஏற்றினாள். சுருதி சேர்ந்ததும் போனில் பச்சை விளக்கு எரிந்தது. ஜெரினா பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தாள்.

"அஞ்சாவது கம்பி, மூணாவது ஃப்ரெட்."

"சி."

"ஆறாவது கம்பி, முதல் ஃப்ரெட்."

"எஃப்."

"ரெண்டாவது கம்பி, அஞ்சாவது ஃப்ரெட்."

"ஈ."

அப்பாடா என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள். இனி மேடையில் எந்த முகத்தோடு நிற்பது என்றுகூட யோசிக்கத் தொடங்கினாள். அப்படி யோசிக்க முடிந்ததே சந்தோஷமாக இருந்தது.

"மூணாவது கம்பி, அஞ்சாவது ஃப்ரெட்."

விரல் சரியான இடத்துக்குப் போனது. மீட்டினான்.

ஓசை அறையைச் சுற்றி வந்து ஓய்ந்தது.

அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி மீட்டினான். வாய் திறந்தது. எதுவும் வரவில்லை.

பஸ் ஹாரன் அடித்தால்கூட இன்ன சுரம் என்று சொல்கிறவன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தான். மேடையில் பார்ப்பதுபோல, அடுத்த அடியை அவள் எடுத்துக் கொடுப்பாள் என்பதுபோல.

ஜெரினா பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனாள்.

போனில் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

அவள் அந்தப் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். கிட்டாரைத் தன் மடிக்கு இழுத்தாள். அந்தக் கம்பியின் முறுக்காணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள். "சுருதி இன்னும் சேரல."