விரலில்லாத தடம்

“கொத்தனாரே, பொழுது சாயுறதுக்குள்ள கிளம்பிருங்க. அந்த அறையில அது உலாத்துது.”

வேலைக்காரி அம்மாக்கண்ணு சொன்னதும் செம்மலைக்கு எரிச்சலாக வந்தது. நாட்டரசன்கோட்டையில் பெரியகருப்பன் செட்டியார் வீட்டுப் பின்கட்டில், நாலடிக்கு ஆறடிக் குளியலறைக்குத் தரை போட அன்று காலையில்தான் வந்திருந்தான்.

“எது உலாத்துதுங்கிறீக, அக்கா?”

“இந்த வீட்டு மக உமையாள்தான். ரங்கூன்ல புருசன் வீட்டுல செத்து ரெண்டு வருசமாச்சு. முகப்புல மாலை போட்ட படம் பாத்தீகள்ல?”

பார்த்திருந்தான். வரும் வழியில் வண்டிக்காரனும் இதையே சொல்லிப் பயமுறுத்தியிருந்தான். எல்லாம் இவள் வாயிலிருந்து கிளம்பியதுதான் போலிருக்கிறது. சோறு போடுகிற வீட்டைப் பற்றி ஊர் முழுக்கப் பேசித் திரிகிறாளே!

செட்டியார் மனைவி மீனாள் ஆச்சி வந்தாள்.

“செம்மலை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல நகத்தளவு மேடுகூட இருக்கக் கூடாது.”

“சரிங்க ஆச்சி. இங்க யாரு குளிப்பாக?”

“யாரும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழைய செங்கல் தளத்தைப் பெயர்த்தான். அங்கங்கே கறுப்பாய்க் கறை. தண்ணீர் பட்டதும் சிவந்தது.

பூட்டிய உள்கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது மாதிரி இருந்தது. கரண்டியை நிறுத்தினான். மூச்சும் நின்றது.

பாதித் தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல்லைப் பதித்துவிட்டு, சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது காயாத சுண்ணாம்பில் காலடித் தடம். உள்கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய், திரும்பி வந்திருந்தது.

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இதற்குக் கால் இருந்தது. விரல்தான் ஒன்றுகூட இல்லை.

தடத்துக்குத் தடம் புது ரத்தம்.

செம்மலை கரண்டியை அள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தான். ஆச்சி வாசலை மறித்து நின்றாள்.

“ஆத்தா, அவரைப் போக விடுங்க. பயந்துட்டாரு.”

உள்கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய பெண் குரல்.

ஆச்சி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உமையாள் சாகலைப்பா. பெருவியாதி, குட்டம். புருசன் வீட்டுல கப்பலேத்தி அனுப்பிட்டாக. ஊருக்குத் தெரிஞ்சா இங்கேயும் இருக்க விடமாட்டாக, எங்கேயாவது கொண்டுபோய் அடைச்சிருவாக. அதான் செத்துட்டாள்னு சொல்லி நாங்களே படத்தை மாட்டினோம்.”

“அப்ப இந்தத் தரை…”

“அவ பாதத்துல உணர்ச்சியே இல்லை. செங்கல் முனை கிழிச்சாலும் தெரியாது. புண்ணாகிப் புண்ணாகி ஒவ்வொரு விரலாப் போச்சு. நேத்து ராத்திரி உன் கல்லு விளிம்பு கிழிச்சதும் அவளுக்குத் தெரியலை.”

செம்மலை கரண்டியைக் கீழே வைத்து, குந்தி உட்கார்ந்தான்.

முதல் நாள் பதித்ததை எல்லாம் பெயர்த்தெடுத்தான். ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் சாணைக்கல்லால் தேய்த்து மறுபடி பதித்தான். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். அதுவும் போதாமல், குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

பொழுது சாயக் கிளம்பியபோது கொல்லை வாசலில் அம்மாக்கண்ணு நின்றிருந்தாள்.

“என்ன கொத்தனாரே, எதையாவது பாத்தீகளா?”

இவளிடம் ஒரு வார்த்தை உளறினாலும் போச்சு, நாளைக்கு ஊரே வாசலில் நிற்கும். செம்மலை முகத்தை மிரண்டவன் மாதிரி வைத்துக்கொண்டான்.

“பாத்தேன்க்கா. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பாத்துறாதீக!”

அம்மாக்கண்ணு அவனையே உற்றுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போற வழியெல்லாம் இதையே சொல்லிட்டுப் போங்க, தம்பி. ரெண்டு வருசமா நான் ஒருத்தியே சொல்லிக்கிட்டிருக்கேன்.”