பதினோராவது டேக்

"இன்னொரு டேக் போகலாம் சார்," என்றாள் யூரிம். தென்கொரியாவின் பூசான் நகரில் சினிமா படிக்கும் அவளுடைய இறுதியாண்டுப் படம் இது. ஆறு மணிக்குள் கேமராவைக் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். இப்போதே ஐந்தரை.

பத்து டேக் வீணாகிவிட்டது. "நீ என் பொண்ணே இல்ல, வெளிய போ!" என்ற ஒரே வரிதான் வசனம். அதைச் சொல்ல முடியாமல் அந்தப் பெரியவர் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றார்.

"கேமராவப் பாக்காதீங்க சார். உங்க பொண்ணா நினைச்சு என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"நீ... நீ என்..."

"கட்!"

கேமரா பிடித்த தோஹூன் அவள் காதைக் கடித்தான். "நடிகர் வரலைன்னா, கண்ட ஆளயும் இழுத்துட்டு வந்துடுவியா? இவரால நம்ம டிகிரியே போகப் போகுது!"

யூரிம் விறுவிறுவென்று போய் அவர் முன்னால் நின்றாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, சினிமா படிக்கப் போறேன்னு நான் சொன்னப்ப, இதே வார்த்தைய ஒரே மூச்சுல சொன்னீங்களேப்பா! இப்ப மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

தோஹூன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவர் புறங்கையால் கண்களைத் துடைத்தார்.

"அன்னைக்கு நான் உன் மொகத்தப் பாக்கலம்மா."